மாத்திரை மேல் விழுந்த பழி

"சுகர் மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் கிட்னி போய்விடும்." தமிழ்நாட்டில் நீரிழிவு வந்த எவரும் இதைக் கேட்காமல் தப்பியிருக்க முடியாது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்வார். காலை நடையில் கூட வருபவர் சொல்வார். வாட்ஸ்அப்பில் யாரோ ஒருவர் இரண்டு நிமிடக் காணொளியில் அடித்துச் சொல்வார். வங்கி மேலாளருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் அரசியலில், சினிமாவில், கிரிக்கெட்டில் ஆயிரம் கருத்து வேறுபாடு இருக்கலாம். இந்த ஒன்றில் இருவரும் ஒரே கட்சி. மறுத்துப் பேசுகிறவர்தான் டாக்டர்களின் ஏஜென்ட் என்று பெயர் வாங்குவார்.

பேச்சோடு நின்றால் பரவாயில்லை. காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதிக் கொடுத்ததைக் காலையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உடம்புக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுப்போம் என்று இரண்டு மாதம் மாத்திரையை விட்டுப் பார்க்கிறார்கள். இன்சுலின் என்ற பேச்சு எழுந்ததும் வேறு டாக்டரைத் தேடுகிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2023-இல் வெளியிட்ட நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு. புதுச்சேரியில் வயது வந்தோரில் 26.3 சதவீதம் பேருக்கு இருக்கிறது. இத்தனை பேரில் ஒரு சிறு பங்கினர் பயந்து மாத்திரையை நிறுத்தினால்கூட அது லட்சக்கணக்கில் போகும். அந்தப் பயத்துக்கு ஆதாரம் கிடையாது. இருக்கிற ஆதாரம் முழுக்க எதிர்ப்பக்கம் நிற்கிறது.

இந்த நம்பிக்கையை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் அது நியாயமாகாது. சொல்பவர்கள் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர் பதினைந்து வருஷம் மாத்திரை சாப்பிட்டார், பிறகு இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் ஏறியது, இன்றைக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இதில் பொய் ஒன்றும் இல்லை. அந்தப் பதினைந்து வருஷமும் மாத்திரையோடு சேர்ந்து இன்னொன்றும் அவர் உடம்பில் இருந்தது என்பதுதான் கணக்கில் வராமல் போகிறது: சர்க்கரை நோய். நோய் முற்ற முற்ற மாத்திரையும் கூடும், சிறுநீரகமும் தேயும். இரண்டும் ஒன்றாக ஏறுவதால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று தோன்றுகிறது. மழை நாளில் குடையோடு போகிறவர்களைப் பார்த்துவிட்டுக் குடையால்தான் மழை வருகிறது என்று முடிவுகட்டுவது போன்றது இது.

முதலில் ஒரு தேதியைப் பார்க்கலாம். 1936. ஜெர்மனியிலிருந்து வெளியேறி அமெரிக்காவின் பாஸ்டனுக்கு வந்திருந்த பால் கிம்மெல்ஸ்டீல், இங்கிலாந்திலிருந்து வந்திருந்த கிளிஃபர்ட் வில்சன் என்ற இருவர், இறந்தவர்களின் சிறுநீரகங்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய் முடிச்சுகளுக்குள் உருண்டை உருண்டையாகத் தழும்பு கட்டியிருப்பதை அது விவரித்தது. அப்படித் தழும்பு இருந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் நீரிழிவுக்காரர்கள். இன்றும் நோயியல் ஆய்வகங்களில் அந்த இருவர் பெயரால்தான் அந்தத் தழும்பைக் குறிப்பிடுகிறார்கள். இன்றைய சுகர் மாத்திரைகளில் ஒன்றுகூட அன்றைக்குப் புழக்கத்தில் இல்லை. சல்ஃபோனில்யூரியா வகை மாத்திரைகள் கடைக்கு வந்தது 1950-களின் நடுவில். மெட்ஃபார்மினை ஜான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் நோயாளிகளுக்குக் கொடுத்து முடிவை வெளியிட்டது 1957-இல். இந்த மாத்திரைகள் பிறப்பதற்கு இருபது வருஷம் முன்பே கிட்னி கெட்டிருக்கிறது. குற்றம் நடந்த அன்று சந்தேக நபர் ஊரிலேயே இல்லை.

"இன்சுலின் இருந்ததே?" என்று ஒருவர் கேட்கலாம். இருந்தது, 1922 முதல். அந்தக் கேள்விக்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேர் சேர்ந்து பத்து வருஷம் பதில் தேடினார்கள். 1983-இல் தொடங்கிய டிசிசிடி ஆய்வு அது. எல்லோரும் முதல் வகை நீரிழிவுக்காரர்கள். பாதிப் பேருக்கு அன்றைய வழக்கப்படி நாளுக்கு ஒன்றோ இரண்டோ ஊசி. மறு பாதிக்கு மூன்றோ அதற்கு மேலோ, அல்லது பம்ப். யார் எந்தப் பக்கம் என்பதை டாக்டரோ நோயாளியோ தேர்ந்தெடுக்கவில்லை. குலுக்கல் முறையில் பிரித்தார்கள். இந்தக் குலுக்கல்தான் எதிர்வீட்டுக்காரர் கதையிலிருந்து ஆய்வைப் பிரிக்கிறது. நோய் முற்றியவர், பணக்காரர், கவனமானவர், அசட்டையானவர் எல்லோரும் இரண்டு பக்கமும் சரிசமமாக விழுந்துவிடுவார்கள். மிஞ்சும் வேறுபாடு சிகிச்சை ஒன்றுதான். இன்சுலின் கிட்னியைக் கெடுக்கும் என்றால், தீவிர இன்சுலின் சிகிச்சை பெற்றவர்களின் கிட்னி அதிகம் கெட்டிருக்க வேண்டும். 1993-இல் முடிவு வந்தது. சிறுநீரில் கணிசமாகப் புரதம் இறங்குவது அவர்களிடம் 54 சதவீதம் குறைவு. ஆய்வு முடிந்த பிறகு இரண்டு குழுவுக்கும் தீவிர சிகிச்சையையே பரிந்துரைத்து, விடாமல் தொடர்ந்து பார்த்தார்கள். தொடங்கி ஏறத்தாழ 22 வருஷம் ஆனபோது சிறுநீரகத் திறன் தெளிவாகச் சரிந்தவர்கள் பழைய முறைக் குழுவில் 46 பேர், தீவிர சிகிச்சைக் குழுவில் 24 பேர். ஏறக்குறையப் பாதி.

மாத்திரைக்கும் இதே தேர்வு நடந்தது. பிரிட்டனில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ராபர்ட் டர்னர் தலைமையில் 1977-இல் தொடங்கிய யுகேபிடிஎஸ் ஆய்வில் 5,102 பேர் சேர்க்கப்பட்டார்கள். நம்மில் பெரும்பாலோருக்கு வருகிற இரண்டாம் வகை நீரிழிவு அவர்களுக்கு, அப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டவர்கள். ஒரு தரப்புக்கு உணவுக் கட்டுப்பாடு. சர்க்கரை மிகவும் ஏறினால் மட்டுமே மருந்து. மறு தரப்புக்கு ஆரம்பத்திலிருந்தே மாத்திரை அல்லது இன்சுலின். 1998-இல் பார்சிலோனாவில் முடிவை அறிவித்தார்கள். மருந்துத் தரப்பில் நுண்குழாய்ப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைவு. அதில் பெரும்பங்கு கண்ணுக்குக் கிடைத்த நன்மை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் கிட்னியும் பின்தங்கவில்லை: சிறுநீரில் ஆல்புமின் கசிவு பன்னிரண்டாவது ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. உடல் பருத்தவர்களில் மெட்ஃபார்மின் பெற்ற 342 பேரிடம் எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த சாவு 36 சதவீதம் குறைவு. மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்கள் அதிகம் பிழைத்திருந்தார்கள். பந்தியில் பக்கத்து இலைக்காரர் இதற்கு என்ன பதில் வைத்திருப்பார்?

எண்களைவிட அழுத்தமாகப் பேசுகிற ஒரு சிறு ஆய்வு உண்டு. அதிகம் பேர் அறியாதது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் எட்டே எட்டுப் பேர். முதல் வகை நீரிழிவால் கிட்னியில் தழும்பு விழத் தொடங்கியவர்கள். அவர்களுக்குக் கணையம் மட்டும் மாற்றப்பட்டது, கிட்னி அவர்களுடையதே. புதுக் கணையம் வேலை செய்ததால் சர்க்கரை இயல்புக்கு வந்தது. ஐந்து வருஷம் கழித்துச் சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்த்தார்கள், தழும்பு அப்படியே இருந்தது. பத்து வருஷம் கழித்துப் பார்த்தபோது தழும்பு கரைந்திருந்தது. மாறாது என்று பாடப்புத்தகங்கள் எழுதியிருந்த பாதிப்பு மாறியிருந்தது. இத்தனைக்கும் மாற்றுக் கணையத்தை உடல் ஏற்க அவர்கள் சாப்பிட்ட சைக்ளோஸ்போரின் உண்மையாகவே கிட்னியைத் தாக்கக்கூடிய மருந்து. அதையும் மீறி, சர்க்கரை போனதும் தழும்பு போனது. 1998-இல் இது வெளியான பிறகும் "கிட்னியைக் கெடுப்பது எது?" என்று கேட்டுக்கொண்டிருப்பதற்குப் பிடிவாதம் வேண்டும்.

இத்தனை இருந்தும் நம்பிக்கை ஏன் சாகவில்லை? டாக்டர்களே அதற்குத் தீனி போடுகிறார்கள், விளக்கம் சொல்லாமல்.

மெட்ஃபார்மினை எடுத்துக்கொள்வோம். அது உடலுக்குள் சிதைவதில்லை. வந்த உருவிலேயே கிட்னி வழியாக வெளியேறுகிறது. கிட்னி தளர்ந்துவிட்டால் வெளியேற வழியின்றி இரத்தத்தில் தேங்கும்; அரிதாக லாக்டிக் அமிலம் கூடி ஆபத்தாகலாம். அதனால் சிறுநீரக வடிகட்டும் திறன் 45-க்குக் கீழே போனால் அளவைக் குறைப்பார்கள், 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார்கள். அறைக்குள் நடப்பது இவ்வளவுதான்: "கிட்னி கொஞ்சம் வீக்கா இருக்கு, இந்த மாத்திரையை இனிமே போடாதீங்க." வெளியே வரும்போது அது "இந்த மாத்திரையாலதான் கிட்னி வீக் ஆச்சாம்" என்று ஆகிவிடுகிறது. நோயாளியைக் குறை சொல்ல முடியாது. வெளியே நாற்பது பேர் டோக்கனோடு காத்திருக்கும்போது காரணத்தையும் காரியத்தையும் பிரித்துச் சொல்ல யாருக்கு நேரம்?

கிரியேட்டினின் விஷயத்திலும் அப்படித்தான். லோசார்டன் போன்ற பிரஷர் மாத்திரை, டாபாகிளிஃப்ளோசின் போன்ற புதிய சுகர் மாத்திரை இவற்றைத் தொடங்கிய சில வாரங்களில் கிரியேட்டினின் சற்று ஏறுவது உண்டு. லேப் தாளில் அந்த எண் தடித்த எழுத்தில் நிற்கும், குடும்பமே மிரண்டுபோகும். நடப்பது என்னவென்றால், சர்க்கரையால் அந்த வடிகட்டி முடிச்சுகளுக்குள் அழுத்தம் கூடி அவை அளவுக்கு மீறி உழைத்துக்கொண்டிருக்கின்றன. மருந்து அந்த அழுத்தத்தைக் குறைக்கிறது. வேலை கொஞ்சம் குறைவதால் எண் கொஞ்சம் ஏறுகிறது. பிறகு வருஷக்கணக்கில் சரிவு மெதுவாகிறது. 2001-இல் வெளியான ரீனால் ஆய்வில் 1,513 நீரிழிவுக்காரர்களிடம் லோசார்டன் முற்றிய சிறுநீரகச் செயலிழப்பை 28 சதவீதம் குறைத்தது. முதல் மாத லேப் தாளோடு பயந்து நிறுத்தியவருக்கு அந்தப் பலன் கிடைக்காது.

இதைவிடக் கொடுமையான குழப்பமும் ஒன்று உண்டு. உடலில் உள்ள இன்சுலினில் ஒரு பங்கைச் சிதைத்து அகற்றுவது கிட்னிதான். கிட்னி தேய்ந்தால் இன்சுலின் நீண்ட நேரம் தங்கும், சில மாத்திரைகளும் தங்கும். சர்க்கரை தானாக இறங்கும். அந்த நேரத்தில் ஒருவர் ஏதாவது சூரணம் தொடங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம். "இருபது வருஷச் சுகர் மூணே மாசத்துல குணமாச்சு" என்று காணொளியில் பேட்டி கொடுப்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கிட்னி போய்க்கொண்டிருக்கிறது.

மாத்திரை எதிர்ப்பாளர்களின் வாதத்தில் வலுவான ஒரு பகுதியும் இருக்கிறது, அதைத் தவிர்த்துவிட்டுப் போவது கோழைத்தனம். மருந்துக் கம்பெனிகளை எப்படி நம்புவது? சரியான கேள்வி. நீரிழிவு மருந்துகளின் வரலாறு கறை படிந்தது. ஃபென்ஃபார்மின் லாக்டிக் அமில ஆபத்தால் அமெரிக்காவில் 1970-களின் இறுதியில் விலக்கப்பட்டது. இந்தியா அதைத் தடைசெய்ய 2003 வரை ஆனது, இதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. டிரோகிளிட்டசோன் கல்லீரலைச் சிதைத்து 2000-இல் அமெரிக்கச் சந்தையை விட்டுப் போனது. ரோசிகிளிட்டசோன் மாரடைப்பைக் கூட்டுகிறது என்று ஸ்டீவன் நிசன் 2007-இல் எழுதினார். 2010-இல் ஐரோப்பா நிறுத்தியது, இந்தியாவும் தடைசெய்தது. பின்னாளில் அமெரிக்கா கட்டுப்பாட்டைத் தளர்த்தியது என்பது வேறு விஷயம். அதை விற்ற கிளாக்ஸோஸ்மித்கிளைன், பாதுகாப்புத் தகவல்களை முறையாகத் தெரிவிக்காதது உள்ளிட்ட குற்றங்களை 2012-இல் ஒப்புக்கொண்டு, மொத்த வழக்குகளுக்குமாக 300 கோடி டாலர் கட்டியது.

கேட்க வேண்டியது, இவற்றையெல்லாம் யார் பிடித்தார்கள் என்பதுதான். வாட்ஸ்அப் பிடிக்கவில்லை. நோயாளிகளைக் கணக்கெடுத்த ஆய்வுகளும், அவற்றைத் திரும்பக் கூட்டிப் பார்த்த ஆய்வாளர்களும் பிடித்தார்கள். ரோசிகிளிட்டசோன் விவகாரத்துக்குப் பின், 2008 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு புது விதி போட்டது. சர்க்கரையைக் குறைத்துக் காட்டினால் மட்டும் போதாது, இதயத்துக்குக் கெடுதல் இல்லை என்று கம்பெனி தன் செலவில் நிரூபிக்க வேண்டும். அதாவது, மாத்திரை மீது பொதுமக்களுக்கு இருந்த அதே சந்தேகம் அதிகாரபூர்வமானது. கம்பெனிகள் புலம்பின.

அந்தச் சந்தேகச் சோதனையில்தான் யாரும் எதிர்பாராதது நடந்தது. 42 நாடுகளில் 7,020 பேரிடம் எம்பாகிளிஃப்ளோசின் இதயத்தைக் கெடுக்கிறதா என்று தேடினார்கள். 2015 செப்டம்பரில் ஸ்டாக்ஹோமில் முடிவு வாசிக்கப்பட்டபோது, இதய நோயால் நேர்ந்த இறப்பு 38 சதவீதம் குறைந்திருந்தது. அடுத்த ஆண்டு கிட்னிக் கணக்கை எடுத்தார்கள்: சிறுநீரக நோய் மோசமாவது 39 சதவீதம் குறைவு. கெடுதலைத் தேடிப் போன இடத்தில் காப்பாற்றும் மருந்து அகப்பட்டது. பிறகு கிட்னிக்காகவே நடந்த ஆய்வுகள் வரிசை கட்டின. 2019-இல் கிரெடென்ஸ், 4,401 பேர், கானாகிளிஃப்ளோசின், 30 சதவீதம். 2020-இல் டாபா-சிகேடி, 4,304 பேர், 39 சதவீதம். அதில் நீரிழிவே இல்லாத சிறுநீரக நோயாளிகளும் பலனடைந்தார்கள். 2024-இல் ஃப்ளோ, 3,533 பேர், செமாகுளூட்டைடு, 24 சதவீதம். பலன் தெளிவாகத் தெரிந்ததால் மூன்றையும் பாதியிலேயே முடித்துக்கொண்டார்கள். சுகர் மாத்திரையாகப் பிறந்த ஒன்று இன்றைக்குச் சுகர் இல்லாதவருக்கும் கிட்னியைக் காக்க எழுதப்படுகிறது.

இந்த கிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளுக்குப் பக்கவிளைவே இல்லையா? உண்டு. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரும். அரிதாக, சர்க்கரை அதிகம் ஏறாமலேயே இரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. வாந்தி பேதியில் கிடக்கும்போது நிறுத்திவைக்க வேண்டும். இவற்றையும் அதே ஆய்வுகள்தான் எழுதிவைத்திருக்கின்றன. ஆய்வு என்றாலே டாக்டருக்கும் கம்பெனிக்கும் சாதகமாகப் பேசும் என்று நினைப்பவர்கள் அக்கார்டு ஆய்வைப் பார்க்கலாம். சர்க்கரையை மேலும் மேலும் இறக்கினால் நல்லது என்று டாக்டர்கள் நம்பிய காலம். 10,251 பேரில் ஒரு பாதிக்கு, மூன்று மாதச் சராசரி 6-க்குக் கீழே போகும்வரை மருந்தை ஏற்றினார்கள். அந்தப் பக்கம் 257 பேர் இறந்தார்கள், மறு பக்கம் 203. 2008 பிப்ரவரியில் அந்தத் தீவிர சிகிச்சையை நிறுத்தி, முடிவை ஒளிக்காமல் வெளியிட்டார்கள். இன்று வயதானவருக்கு, இதய நோயாளிக்கு டாக்டர் "ஏழரை இருந்தால் போதும்" என்று சொல்வதற்குக் காரணம் இப்படி வந்த முடிவுகள்தாம்.

"மூலிகையில் பக்கவிளைவு இல்லை" என்ற வாதம் மிச்சம் இருக்கிறது. மூலிகை மீது நவீன மருத்துவத்துக்கு விரோதம் கிடையாது. மெட்ஃபார்மினின் மூலம் ஐரோப்பிய வயல்வெளிச் செடி ஒன்று, கிளிஃப்ளோசின்களின் மூதாதை ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835-இல் பிரித்தெடுத்த பொருள். ஆனால் கிட்னியை நேரடியாக அழித்த மூலிகைகள் உண்டு. பிரஸ்ஸல்ஸில் 1990-களின் தொடக்கத்தில், உடல் இளைக்கச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் வரிசையாக டயாலிசிஸுக்கு வந்தார்கள். காரணம் அரிஸ்டோலோக்கியா பேரினச் செடி. நம் ஊர் ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே பேரினம். கேரளத்தில் கொழுப்பு குறையும் என்று இரும்பன்புளிச் சாற்றைத் தம்ளர் தம்ளராகக் குடித்துக் கிட்னி அடைத்துப்போன பத்துப் பேரை மருத்துவர்கள் 2013-இல் பதிவு செய்தார்கள். ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. நல்லவேளையாக மீண்டார்கள். இவையெல்லாம் இருக்க, மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் கிடைக்கும் டைக்ளோஃபெனாக் பக்கம் யார் சந்தேகமும் திரும்பவில்லை. மெட்ஃபார்மினுக்குப் பயந்து பாதியாக உடைத்துப் போடுகிறவர், மூட்டுவலிக்குத் தினம் இரண்டு வலி மாத்திரையைக் கூசாமல் விழுங்குகிறார். ஏற்கெனவே தளர்ந்த கிட்னியை உண்மையில் தாக்கக்கூடிய மாத்திரை அதுதான்.

டாக்டர்கள் உணவையும் நடையையும் பற்றிப் பேசுவதே இல்லை என்ற புகாருக்கும் சென்னையே பதில். ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரைப் பிரித்து மூன்று வருஷம் கவனித்தார்கள். சும்மா விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேர் நோயில் விழுந்தார்கள். உணவும் நடையும் மாற்றியவர்களில் 39.3 சதவீதம், மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களில் 40.5. மாத்திரை இல்லாத வழியும் மாத்திரைக்குச் சமமாக வேலை செய்கிறது என்று எழுதியவர்கள் டாக்டர்கள்தாம்.

கோபப்பட வேண்டிய இடம் வேறு. இந்தியச் சிறுநீரக நோய்ப் பதிவேடு 52 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கணக்கெடுத்தபோது 31 சதவீதத்தினருக்கு மூலகாரணம் நீரிழிவு. இவர்களில் பலர் முற்றிய நிலையில்தான் முதல்முறையாக சிறுநீரக மருத்துவரிடம் போயிருந்தார்கள். கிரியேட்டினின் ஏறும்போது பாதிக் கதை முடிந்திருக்கும். அதற்குப் பல வருஷம் முன்பே சிறுநீரில் ஆல்புமின் கசியத் தொடங்கும், ஒரு சிறு பரிசோதனையில் தெரியும். அதைப் பலருக்கு யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் 2020-இல் முடிந்தது. எம்பாகிளிஃப்ளோசினுக்கு 2025 மார்ச்சில். ஒரு மாத்திரை 60 ரூபாய்க்கு விற்றது பத்து ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற அரசுத் திட்டம் சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. மாத்திரையோடு ஒவ்வொரு வீட்டுக்கும் வருஷத்துக்கு ஒருமுறை ஆல்புமின் பரிசோதனையும், தேவைப்படுகிறவருக்கு இந்தப் புதிய மருந்தும் ஏன் வரக்கூடாது என்று கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம், கிராம சபையில் எழுந்து கேட்கலாம்.